வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீர்கள் என்று கேளுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டாவது இரவு, பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பத்து வருடமாக அப்பாவின் மாத்திரை டப்பாவை நிரப்பி, காலை மாலை என்று பிரித்து வைத்து, அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போய் வருகிறவள். அதே கையால் அவருக்குக் கஷாயமும் காய்ச்சித் தருகிறவள். இந்த இரண்டு வேலையும் ஒரே அடுக்களையில்தான் நடக்கின்றன. ஆனால் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். இரண்டாவதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. இதயம் பலவீனம். பிரஷருக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, துடிப்பு சீராக இருக்க டிகாக்சின் என்று ஒரு சின்ன மாத்திரை. இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சளிக்காய்ச்சல் வந்து போன பிறகு தொண்டையில் கரகரப்பு மட்டும் விடவே இல்லை. நான்தான் அதிமதுரம் வாங்கிக் கொடுத்தேன். காலையில் வேரை இடித்துப் போட்டுக் காய்ச்சிய நீர் ஒரு டம்ளர். அப்புறம் பகல் முழுக்க வாயில் ஒரு குச்சி. இனிப்பாக இருக்கிறது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று அவரே கேட்டு வாங்கி மெல்ல ஆரம்பித்தார். கரகரப்பு போய்விட்டது. குச்சி மெல்லும் பழக்கம் போகவில்லை. ஆறு வாரம் ஓடிவிட்டது.

முதலில் கணுக்கால் வீங்கியது. சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பிரஷர் 130இல் இருந்து 170க்கு ஏறியது. மருத்துவரிடம் போனோம். நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அவர் பக்கம் இருந்து பார்த்தால் அது சரியான முடிவுதான். வீக்கம், பிரஷர், பலவீனமான இதயம் என்று மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் வேறு என்ன செய்வார்? "வேற மருந்து ஏதும் எடுத்துக்கிறாரா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். அது பொய் இல்லை. என் மனதில் அதிமதுரம் மருந்தே இல்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்குக் கெண்டைக்காலில் குரக்களி. படி ஏறக் காலைத் தூக்கினால் தொடை ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, "நெஞ்சு ஒரு துடிப்பு விட்டு விட்டு அடிக்குதும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கினால் அந்த மாத்திரையே இதயத்தைத் தடம்புரள வைத்துவிடும் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றினார்கள். நரம்பு வழியாக அது ஏறும்போது எரியும் போல. "கை எரியுது, கை எரியுது" என்று அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அரற்றிக்கொண்டே இருந்தார். ஏற்ற ஏற்ற, அது மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

இரண்டாவது இரவுதான் அந்த சிஸ்டர் வந்தார். டிரிப்ஸைச் சரிபார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "அப்பா, வாயில என்ன மெல்றீங்க?"

"சும்மாம்மா. அதிமதுரக் குச்சி."

தலையணைக்கு அடியில் இருந்து அப்பாவே எடுத்துக் காட்டினார். நுனி நைந்து, மஞ்சள் நார் நாராகப் பிரிந்த குச்சி. அதோடு இன்னும் நான்கைந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, காய்ச்சியும் குடிக்கிறீர்களா என்று சிஸ்டர் நிதானமாகக் கேட்டார். திட்டவில்லை. குச்சியையும் பிடுங்கவில்லை. "இதை நான் டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?" என்று அனுமதி கேட்டு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஓடிவந்தார். காரணம் கிடைத்துவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்று அவர் எனக்குப் படம் போட்டே விளக்கினார். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நம் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சிறுநீரகத்தில் புகுந்து உப்பைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்யாமல் இருக்க, அங்கே ஒரு நொதி அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின், அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. கார்டிசால் தடையில்லாமல் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும் ரகம் என்றால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அந்த மாத்திரையின் அளவைக் கூட்டினால் இன்னும் வேகமாகப் போகிறது. அப்பாவுக்கு நடந்தது அதுதான். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் போக வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு சொல்லியிருக்கிறதாம். ஒரு வேர்க்குச்சியில் எத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று எந்த வீட்டில் அளக்க முடியும்? வேருக்கு வேர் அது மாறுமே. நிறுத்திய பிறகும் அதன் பாதிப்பு அடங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாயில என்ன மெல்றீங்க? ஆறு வாரத்தில் எத்தனையோ பேர் அவரைப் பார்த்தார்கள். ரத்தம், இசிஜி, எக்ஸ்ரே என்று எல்லாம் எடுத்தார்கள். அந்த மூன்று சொல்லை வேறு யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்பதை நீங்கள் கேட்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு வேறொரு மருத்துவரிடம் சளிக்குப் போயிருந்தோம். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், "துளசியும் மிளகும் போட்டு கஷாயம் வச்சுக் கொடுத்தேன் டாக்டர்" என்றேன். அவர் ஃபைலை மூடி ஓரமாகத் தள்ளினார். "அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க? அதையே குடிக்க வேண்டியதுதானே?" என்றார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், "இனிமே இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லாதே" என்று அவர் சொன்னார். நானும் அப்படியே நடந்துகொண்டேன். அந்த ஒரு நிமிடத்துக் கோபத்தின் விலையை மூன்று வருடம் கழித்து அப்பாவின் இதயம் கொடுத்தது.

உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்கிறீர்கள். மஞ்சள் காமாலை முற்றிய பிறகு, புண் அழுகிய பிறகு, எல்லாக் கைமருந்தும் பார்த்துவிட்டு உங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு வெறுத்துப்போயிருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டினால் நாங்கள் கஷாயத்தை நிறுத்த மாட்டோம். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவோம். திட்டுவதால் நடப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் கேட்கும் முறையிலும் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்ற கேள்விக்கு எங்களிடம் இருந்து உண்மையான பதில் வராது. மருந்து என்றால் எங்களுக்கு மாத்திரை, ஊசி, டானிக். காய்ச்சிக் குடிப்பது மருந்தில்லை. இரவில் வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் குடிக்கும் பொடி மருந்தில்லை. மூட்டில் தேய்க்கும் எண்ணெய், நெஞ்சில் தடவும் தைலம், காலையில் வெறும் வயிற்றில் மெல்லும் நான்கு இலை, யாரோ நல்லது என்று சொன்னதால் வாங்கிய மஞ்சள் காப்ஸ்யூல், இவை எதுவுமே மருந்தில்லை. அவையெல்லாம் "சும்மா". அப்பா சொன்னாரே, அந்தச் "சும்மா". அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கேளுங்கள். வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீர்கள்? எதையாவது மெல்லுகிறீர்களா? பொடி, லேகியம், எண்ணெய் ஏதாவது உண்டா? எத்தனை நாளாக? அரை நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு நேரம் இல்லையென்றால் வெளியே பிரஷர் பார்க்கும் சிஸ்டர் கேட்கட்டும், சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பட்டும். முக்கியமாக, திடீரென்று ஒருவரின் பொட்டாசியமோ கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை அளவுகளோ காரணமில்லாமல் மாறியிருந்தால், அடுத்த பரிசோதனைக்கு எழுதும் முன் இதைக் கேளுங்கள்.

இப்படிக் கேட்பது உங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. அப்பா விழுங்கும் டிகாக்சின் எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு தேடிப் படித்தேன். 1775இல், இங்கிலாந்தில், வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்பத்துக் கைமருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்குகிறவர்களுக்கு, ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. பெரிய மருத்துவர்கள் கைவிட்ட ஆட்களும் அதில் தேறினார்களாம். விதரிங் அதைத் தூக்கி எறியவில்லை. அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுபிடித்தார். அப்புறம் பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் வாந்தி, எப்போது பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிய ஆரம்பிக்கும் என்று குறித்துவைத்து 1785இல் வெளியிட்டார். குணமானவர்களை மட்டும் எழுதாமல், பலிக்காதவர்களையும் சேர்த்து எழுதினார். அந்த மூதாட்டியின் செடியில்தான் அப்பாவின் மாத்திரை தொடங்குகிறது. விதரிங் அன்றைக்கு "இதெல்லாம் பாட்டி வைத்தியம்" என்று ஃபைலை மூடியிருந்தால்? இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேட்டதால் ஆபத்து வெளிப்பட்ட கதை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளம்பெண்கள் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வேறு காரணமும் இல்லை. மருத்துவர்கள் விசாரித்துப் பார்த்தபோது எல்லோரும் உடல் இளைக்க ஒரே இடத்தில் மூலிகை காப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்டது தெரிந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்துப்போன வேறொன்று அதில் கலந்திருந்தது. அது அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. அதில் இருந்த அமிலம் சிறுநீரகத்தை நார் நாராக இறுக்கிவிட்டது. 1993இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பிறகு நூறைத் தாண்டினார்கள். அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நாம் ஆடுதின்னாப்பாளை என்றும் ஈஸ்வரமூலி என்றும் சொல்கிற செடிகள் அதே இனம், அதே அமிலம். இன்றும் புழுவுக்கும் விஷக்கடிக்கும் என்று அவற்றைப் பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை யார் எங்களுக்குச் சொல்வது? நீங்கள் சொன்னால்தான் உண்டு. நாங்கள் அதைச் சாப்பிடுவதே உங்களுக்குத் தெரியாது என்றால் எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் கேட்டு, நாங்கள் சொல்லிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல்தான் கடினமான வேலை. தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "ஆதாரம் இல்லை" என்று சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை. என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது வாந்திக்கு இஞ்சி எடுத்துக்கொண்டாள். இஞ்சியை அதற்கு ஆய்வுசெய்து பார்த்து, நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவு உலர்ந்த இஞ்சி பலன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள். குழந்தையின் இருமலுக்குத் தேன் கொடுப்பதை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது, ஒரு வயதுக்கு மேல் என்ற நிபந்தனையோடு. மலச்சிக்கலுக்கான நிலாவாரை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. பல் மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனை இலவங்கத்தின் வாசனை. தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையில் அதன் எண்ணெய்ச் சத்துதான் சேர்கிறது. நீங்கள் சளி கரைய எழுதிக்கொடுக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. அந்தப் புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறும் வடிவம்தான் அம்ப்ராக்சால்.

இதையெல்லாம் நான் சொல்வது மூலிகைக்கு வக்காலத்து வாங்க இல்லை. இஞ்சி குமட்டலை அடக்குவதைத் தன் உடம்பிலேயே பார்த்த ஒரு பெண்ணிடம் "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று நீங்கள் சொன்னால், அந்தக் கணமே உங்கள் சொல்லின் மதிப்பு அவளிடம் குறைந்துவிடுகிறது. அப்புறம் "கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதே" என்று நீங்கள் சொல்லும்போது, அதையும் அவள் அதே கணக்கில் சேர்த்துவிடுவாள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, உடம்பைத் துவண்டுபோக வைக்கும் என்ற உயிர்போகும் செய்தி அவள் காதில் ஏறாது. நல்லதை நல்லது என்று நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் கெட்டதைக் கெட்டது என்று நாங்கள் நம்புவோம்.

அதேபோல், ஒரே பொருள் வேறு வேறு வடிவத்தில் வேறு வேறு ஆளாக மாறுவதையும் எங்களுக்குச் சொல்லுங்கள். இங்கேதான் நாங்கள் அதிகம் ஏமாறுகிறோம். சமையலில் ஒரு சிட்டிகை மஞ்சள் காலகாலமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அதே நம்பிக்கையில் மஞ்சள் சத்தைச் செறிவாக்கிய காப்ஸ்யூலையும் விழுங்குகிறோம். மிளகின் சத்தைச் சேர்த்தால் மஞ்சள் சத்து ரத்தத்தில் 20 மடங்கு கூடுதலாகச் சேர்வதை 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதைப் பெருமையாக டப்பாவில் அச்சடிக்கிறார்கள். ஆனால் அப்படிச் செறிவாக்கிய மஞ்சளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருப்பதை எந்த டப்பாவிலும் காணோம். சீந்தில் தண்டு விஷயத்திலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி மாதக்கணக்கில் குடித்தவர்கள் அவர்கள்.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது என் மனதை உறுத்துகிற விஷயம். மூக்கடைத்த குழந்தைக்குக் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தடவுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், நானே செய்திருக்கிறேன். அந்தக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்புவோம். தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் வைத்தால், கொஞ்சம்தான் உள்ளே போனாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது உங்கள் அவசரப் பிரிவுக்குப் புதிதில்லை. இவற்றில் எதையுமே எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொன்னதில்லை. தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிவரும் அம்மாவிடம், "சளி பிடிச்சா வீட்ல என்னம்மா செய்வீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும், இந்த மூன்றையும் அங்கேயே பேசிவிடலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். பூண்டு மாத்திரை, ஜின்கோ, ஜின்செங் போன்ற மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும், அதனால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிற மயக்க மருந்து நிபுணர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே வெந்தயமும் பாகற்சாறும் அளவில்லாமல் எடுத்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்லதுதான். ஆனால் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, இடைவெளி வேண்டும். அது மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை என் அத்தைக்கு யாராவது சொல்லியிருந்தால் தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றி மாற்றி எழுதியிருக்க வேண்டியிருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரியாத மூலிகையை நாங்கள் சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் தயங்கலாம். உங்கள் படிப்பில் இது அதிகம் வராது என்று எனக்குத் தெரியும். "எனக்குத் தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் நிறுத்தி வைங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற மருத்துவர் மீது எங்களுக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. அன்று ராத்திரி அந்த இளம் மருத்துவரும் அதைத்தான் செய்தார். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கையை நான் வேறு யார் மேலும் வைத்ததில்லை.

எங்கள் பக்கம் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு, நான் ஆரம்பித்துவிட்டேன். மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் வீட்டில் காய்ச்சுவதை எல்லாம் தேதி போட்டு எழுதுகிறேன். எந்தச் செடி, இலையா வேரா, எவ்வளவு, எத்தனை நாள். பொடி என்றால் அது வந்த பொட்டலத்தையே எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் இருக்கின்றன. பேர் தெரியாத கலவைப் பொடி வாங்குவதை அடியோடு விட்டுவிட்டேன். மூன்று நாளில் கேட்காத தொல்லைக்கு நான்காவது நாள் கஷாயம் கிடையாது, உங்களிடம்தான் வருவது. காய்ச்சல் கடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலத்தில் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ மூன்று நாளும் கிடையாது.

அடுத்த மாதம் பதினாறாம் தேதி அப்பாவுக்குப் பரிசோதனை. மூத்த மருத்துவரைப் பார்க்கிறோம். மாத்திரை டப்பாவோடு ஒரு துணிப்பையும் கொண்டுவரப் போகிறேன். அதில் தொண்டைக்கு என்று இப்போது அவர் எடுத்துக்கொள்ளும் தேன் புட்டி இருக்கும், செரிமானத்துக்குக் குடிக்கும் ஓமப்பொடி இருக்கும், முழங்காலில் தேய்க்கும் எண்ணெய் இருக்கும், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்ததால் வாங்கி வைத்து இன்னும் பிரிக்காத ஒரு பொட்டலமும் இருக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். "டாக்டர் ஏதாவது சொல்லுவாரே" என்கிறார். சொல்ல மாட்டார்ப்பா, கேட்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஒரு நோயாளியின் மகள்